சோலார் போட்டபின் கரண்ட் பில் குறைந்தது. கார்பன் குறைந்ததா?

வைகைக்கரை (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

போன நவம்பரில் மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டேன். மொத்தம் 1,95,000 ரூபாய் ஆனது. மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 மானியம் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. பழைய மீட்டரைக் கழற்றி, வெளியே அனுப்புவதையும் வாங்குவதையும் தனித்தனியாகக் காட்டும் இருவழி மீட்டர் வைத்தார்கள். எல்லாம் ஓடுகிறது, குறை இல்லை.

நான் பணத்துக்காக மட்டும் போடவில்லை. மகளைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவள் வீட்டுக் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. இரண்டு நாள் அவளோடு போனில்கூடப் பேச முடியவில்லை. அதற்கப்புறம்தான் நம் பங்குக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் ஏப்ரல்-மே இரண்டு மாதத்துக்கு 640 யூனிட் ஓடியது, பில் மூவாயிரத்தைத் தாண்டியது. இந்த வருடம் அதே இரண்டு மாதத்தில் பேனல் தந்தது 700 யூனிட். வெளியே அனுப்பியது 340. வெளியிலிருந்து வாங்கியது 450. பில் சில நூறு ரூபாயில் நின்றுவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

நேற்று இரவு ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். 700-ல் 340 போக வீட்டில் செலவானது 360. அதோடு வாங்கிய 450. ஆக, 810 யூனிட் ஓட்டியிருக்கிறோம்! முன்பைவிட 170 யூனிட் அதிகம். எங்கே போனது என்று யோசிக்கவே தேவையில்லை. மார்ச்சில் மகன் அறைக்கும் ஒரு ஏசி வாங்கினோம். "நம்ம சொந்த கரண்ட்தானே" என்று நானே சொன்னேன்.

நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கணக்கு. அப்படியானால் பேனல் மிச்சப்படுத்தியது 490 கிலோ. அதில் 119 கிலோவை நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதை எப்படிச் சரிசெய்வது? வீட்டில் சோலார் வைத்திருப்பவர்கள் தங்கள் மீட்டர் கணக்கையும் சொல்லுங்கள்.

கம்பிவேலை (கரூர்)

சார், நான் பதினொரு வருடமாக சோலார் மாட்டும் வேலை செய்கிறேன். பில் எவ்வளவு குறையும் என்று கேட்காத வாடிக்கையாளரே இல்லை. மொத்தம் எத்தனை யூனிட் ஓட்டுகிறோம் என்று கேட்டவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

உங்கள் 700 யூனிட் பரவாயில்லை. 1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட் என்பது நம் ஊர்க் கணக்கு. மே மாதம் வெயில் கொளுத்துகிறதே, ஏன் கூடுதலாக வரவில்லை என்று பலர் கேட்பார்கள். பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது. மே மதியத்தில் பேனலின் மேல்பரப்பு 60, 65 டிகிரிக்குப் போய்விடும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். கூட்டிப் பார்த்தால் பத்துப் பதினைந்து சதவீதம் போய்விடும். அதனால்தான் பேனலைத் தளத்தோடு ஒட்டாமல் ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டச் சொல்கிறோம். அடியில் காற்று ஓடினால் பேனலுக்கும் நல்லது, கீழே வடாம் பிழியவும் துணி காயப்போடவும் இடம் கிடைக்கும். மாடி அறைக்கும் சூடு குறையும்.

ஒரு சந்தேகம். காலை எட்டு மணிக்கு மேல் ஆகியும் உற்பத்தி மந்தமாக இருக்கிறதா? பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி ஏதும் உண்டா?

வைகைக்கரை (மதுரை)

ஆமாம், இருக்கிறது தம்பி. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? தொட்டி பேனலுக்கு வடக்கே இருக்கிறது. வடக்கே இருப்பதால் நிழல் விழாது என்று மாட்டியவர்கள் அடித்துச் சொன்னார்கள். மார்கழி, தை முழுக்க விழவில்லை. இப்போது காலையில் இரண்டு பேனல் மேல் பாதி நிழல் கிடக்கிறது.

கம்பிவேலை (கரூர்)

நினைத்தேன். டெல்லிக்குச் சரியாக வரும் பாடத்தை அப்படியே மதுரைக்குப் போட்டுவிடுகிறார்கள். டெல்லியில் வருடம் முழுக்க உச்சிச் சூரியன் தெற்கேதான் நிற்கும். மதுரையில் சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி வரை நம் தலைக்கு வடக்கே நிற்கும். ஆனி மாதம் காலையில் வடகிழக்கே எழும்பும் சூரியன், வடக்கே இருக்கும் தொட்டியின் நிழலைப் பேனல் மேல்தான் போடும். மாட்டுவதற்கு முன்னால் மார்கழியில் ஒருமுறை, ஆனியில் ஒருமுறை நிழல் பார்க்க முடியாது என்றால், ஒரு குச்சியை நட்டுக் கணக்காவது போட்டிருக்க வேண்டும்.

ஒரே வரிசையில் கோர்த்த பேனல்களில் ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றவையும் இழுபடும். தொட்டியை நகர்த்துவது சுலபமா, பேனலை நகர்த்துவது சுலபமா என்று ஆளை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகைவீடு (சென்னை)

அண்ணே, நல்ல இழை. ஆனால் இதையெல்லாம் படிக்கும்போது ஒரு வருத்தம். நாங்கள் வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மொட்டைமாடிச் சாவியே வீட்டு உரிமையாளரிடம்தான். சொந்த வீடு, சொந்த மாடி, கையில் இரண்டு லட்சம் இருப்பவர்கள்தான் கார்பனைக் குறைக்க முடியுமா? எங்களைப் போன்றவர்களுக்கு இதில் என்ன வழி?

மொட்டைமாடி (கோவை)

தம்பி, வருத்தப்படாதே. நீ செய்யக்கூடியது எங்களைவிடக் கூடுதலாகக்கூட இருக்கலாம். கணக்கோடு சொல்கிறேன்.

சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் வைத்த மின்விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். உன் வீட்டில் நான்கு விசிறி, ஒவ்வொன்றும் 12 மணி நேரம் ஓடுகிறது என்று வை. ஒரு நாளைக்கு 2 யூனிட்டுக்கு மேல் மிச்சம். வைகைக்கரை அண்ணாவின் மாடியில் அரை கிலோவாட் பேனல் ஒரு நாள் முழுக்க வெயிலில் காய்ந்து தருவதும் அதே 2 யூனிட்தான். நான்கு விசிறி மாற்றினால் உன் கூரையில் அரை கிலோவாட் சோலார் போட்ட மாதிரி. மழை நாளிலும் வேலை செய்யும். வீடு மாறும்போது கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம்.

இரண்டு மாதத்துக்கு 130 யூனிட் குறைந்தால் 500 யூனிட் வரம்புக்குக் கீழே இறங்கிவிடுவாய் என்று நினைக்கிறேன். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும், அது உனக்கே தெரியும். விசிறிக்குப் போட்ட காசு அதிலேயே வந்துவிடும்.

அப்புறம் ஏசி. 2020-லிருந்து புது ஏசிகள் எல்லாம் 24 டிகிரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நாம்தான் ரிமோட்டை எடுத்து 18-க்குத் தள்ளுகிறோம். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம். 26-ல் வைத்து விசிறியைச் சின்னதாக ஓடவிட்டுப் பார். முதல் இரண்டு ராத்திரி வித்தியாசமாக இருக்கும், மூன்றாவது ராத்திரி போர்வை தேட மாட்டாய், அவ்வளவுதான்.

கூரை இல்லாதவர்கள் சேர்ந்து செய்யவும் வழி உண்டு. எங்கள் பக்கம் மேட்டுப்பாளையத்தை ஒட்டி ஓடந்துறை ஊராட்சி இருக்கிறது. 2006-லேயே வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுத்திய ஊராட்சி அது. ஊருக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். ஓர் ஊராட்சியால் முடிந்தது ஓர் அடுக்குமாடிச் சங்கத்தால் முடியாதா? பொது மோட்டார், லிஃப்ட், மாடிப்படி விளக்கு ஆகியவற்றுக்காவது சங்கத்தின் பெயரில் பேனல் போடலாம். அடுத்த கூட்டத்தில் வாடகைக்காரனாக இருந்தாலும் எழுந்து கேள்.

வாடகைவீடு (சென்னை)

அக்கா, அரை கிலோவாட் கணக்கு இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. இரண்டு விசிறி இந்த மாதம், இரண்டு அடுத்த மாதம். முடிவு செய்துவிட்டேன்.

கம்பிவேலை (கரூர்)

சார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 450 யூனிட் வாங்கியிருக்கிறீர்களே, அது பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கு மேல்தான் இருக்கும். மோட்டார், துணி மெஷின், கிரைண்டர், ஸ்கூட்டர் சார்ஜ் எதுவாக இருந்தாலும் பதினொரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் ஓட்டுங்கள். அந்த நேரத்தில் இன்வெர்ட்டர் திரையில் 2.2, 2.3 கிலோவாட் நிற்கும். 1 எச்பி மோட்டார் முக்கால் கிலோவாட். துணி மெஷினைச் சேர்த்துப் போட்டாலும் தாங்கும்.

மொட்டைமாடி (கோவை)

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. மதியம் நான் வெளியே அனுப்பும் யூனிட் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அவர்களுக்கு வரவேண்டிய நிலக்கரி மின்சாரம் அந்த அளவுக்குக் குறைகிறது. ராத்திரி அதே ஒரு யூனிட்டை நான் திரும்ப வாங்குகிறேன். கூட்டிக் கழித்தால் ஒன்றுதானே? மோட்டாரை மதியம் போட்டால் என்ன, ராத்திரி போட்டால் என்ன? மொத்தத்தைக் குறைப்பதுதான் முக்கியம். நேரத்தை மாற்றிவிட்டு நல்லது செய்துவிட்டோம் என்று நிம்மதியாகிவிடக்கூடாது.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

வணக்கம். அக்கா கேட்டது நல்ல கேள்வி. எங்கட நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன், அதிலேயே பதில் இருக்கிறது.

2022-ல் எங்களுக்கு ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்தது. எரிபொருள் வாங்க நாட்டிடம் டொலர் இல்லை. அதற்குப் பிறகு வசதியுள்ள ஆட்கள் எல்லாரும் கூரையில் சோலார் போட்டார்கள், நானும் 5 கிலோவாட் போட்டேன். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தது. தொழிற்சாலை, அலுவலகம் எல்லாம் பூட்டு. வெயிலோ நல்ல வெயில். மதியத்தில் பாவிக்க ஆளில்லாமல் மின்சாரம் மிஞ்சியது. கூரைச் சோலார் வைத்திருப்பவர்கள் பகல் மூன்று மணி வரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. நானே என் கையால் சுவிட்சை இறக்கினேன். உச்சி வெயில் பேனலில் விழுந்துகொண்டிருக்கிறது, திரையில் பூச்சியம். மனம் கேட்கவில்லை.

அன்று இரவு ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் ரீவியும் ஓடியபோது அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரியும் டீசலும் அணைத் தண்ணீரும்தான். அப்போது மதியம் ஒரு யூனிட்டும் இரவு ஒரு யூனிட்டும் ஒன்றா? மீற்றரில் ஒன்று. காற்றில் ஒன்றல்ல.

கம்பிவேலை (கரூர்)

அண்ணன் சொல்வதுதான் இங்கேயும் வந்துகொண்டிருக்கிறது. கமுதியில் மட்டும் 648 மெகாவாட் சோலார் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று அடிக்கும்போது முப்பந்தல் காற்றாலைகளும் சேர்ந்துகொள்ளும். மதியம் மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. நிலக்கரிக் கொதிகலனை அப்போது அணைத்துவிட்டு மாலையில் அடுப்பு மாதிரி பற்றவைக்க முடியாது. மாலைத் தேவைக்காக மதியமும் அதைக் குறைந்த சூட்டில் புகைய விட்டே ஆகவேண்டும். மாலைத் தேவை குறைந்தால்தான் எத்தனை கொதிகலனைச் சூட்டில் வைத்திருக்கிறோம் என்பது குறையும். ஆகவே இரண்டும் வேண்டும் அக்கா. மொத்தமும் குறைய வேண்டும், மாலையும் குறைய வேண்டும்.

மொட்டைமாடி (கோவை)

சரி, ஒத்துக்கொள்கிறேன். சுவிட்சை இறக்கியதைப் படித்ததும் எனக்கும் கஷ்டமாகிவிட்டது.

இதையே வைத்து இன்னொன்றும் இப்போது புரிகிறது. நான் போன வருடம் பெரும்பாலும் சிலிண்டரை விட்டுவிட்டு இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினேன். 14.2 கிலோ சிலிண்டர் எரிந்தால் ஏறத்தாழ 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அதே சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறத்தாழ 115 யூனிட் ஆகும். அது முழுக்க வெளி மின்சாரம் என்றால் 80 கிலோ! சிலிண்டரைவிட மோசம். அதனால் ராத்திரிச் சமையலையும் மதியத்துக்குக் கொண்டுவரப் போகிறேன். பன்னிரண்டு மணிக்கே குழம்பு, காய் இரண்டு வேளைக்கும் சேர்த்து. குக்கரை இரண்டு விசிலில் இறக்கி, தடித்த போர்வையில் சுற்றிப் பழைய மரப்பெட்டிக்குள் வைத்தால் பருப்பும் கொண்டைக்கடலையும் தானே வெந்துவிடும். ராத்திரி தோசை மட்டும்தான், அதற்கு இன்னும் கேஸ் அடுப்பு இருக்கிறது.

காவிரிமடை (திருவாரூர்)

வீட்டு மின்சாரத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன்.

நெல் வயலில் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கி நின்றால், சேற்றுக்குள் காற்றுப் புகாமல் மீத்தேன் வாயு உண்டாகும். கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு சூடேற்றும் வாயு அது. வயலுக்குள் காலை வைத்தால் குமிழி குமிழியாக வருமே, அதுதான். எங்கள் பெரியவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டு என்பார்கள். காவிரியில் தண்ணீர் வந்தால் கட்டு, இல்லாவிட்டால் காயவிடு என்று அது கட்டாயத்தால் நடந்தது. இலவச மின்சாரமும் ஆழ்துளைக் கிணறும் வந்தபின் வயலில் எப்போதும் தண்ணீரைப் பார்த்தால்தான் எங்களுக்குத் தூக்கம் வருகிறது.

நான் இப்போது மூன்று பருவமாக ஒரு பிளாஸ்டிக் குழாயில் துளை போட்டு வயலில் புதைத்திருக்கிறேன். ஒரு முழ நீளம்தான். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் மண்ணுக்குக் கீழே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். 15 சென்டிமீட்டருக்குக் கீழே போனபிறகுதான் மோட்டார் போடுவேன். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடுவதில்லை. மகசூல் குறையவில்லை. மீத்தேன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும் என்று வேளாண்மைத் துறைக்காரர்கள் சொல்கிறார்கள், என் கண்ணுக்குத் தெரிந்தது மோட்டார் ஓடும் நேரம் குறைந்ததுதான். முதல் வருடம் பக்கத்து வயல்காரர் என் வரப்பில் நின்று, "என்னப்பா, நாத்தைக் காயப் போட்டுட்டியே" என்றார். இந்தக் குறுவையில் அவரும் குழாய் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

சாப்பிடுபவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சோற்றைக் கொட்டாதீர்கள். ஒரு கைப்பிடிச் சோற்றில் எங்கள் தண்ணீரும் மின்சாரமும் இந்த வாயுவும் எல்லாம் இருக்கிறது.

வாடகைவீடு (சென்னை)

ஐயா, காயும் நிலத்தில் இப்படி ஒரு பயன் இருப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். நன்றி.

ஒரு சின்னக் கேள்வி, கம்பிவேலை அண்ணாவுக்கு. என் நண்பன் வீட்டில் சோலார் இருந்தும் மின்வெட்டில் இருட்டாகிவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

கம்பிவேலை (கரூர்)

இல்லை தம்பி, முன்கூட்டியே சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். மின்வாரியக் கம்பியோடு இணைந்த சோலார், கம்பியில் கரண்ட் நின்றதும் தானும் நின்றுவிடும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நிற்காவிட்டால் தெருவில் கம்பம் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் உயிர் போகும். மின்வெட்டிலும் வேண்டும் என்றால் பேட்டரி வைத்த வேறு வகை இன்வெர்ட்டர் போடவேண்டும். விலை கூடும்.

கேட்டதோடு துடைக்கும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சூடாக இருக்கும் பேனலில் மதியம் தண்ணீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடலாம். காலை ஆறு, ஆறரைக்குத் துடையுங்கள். போர்த் தண்ணீரை அப்படியே காயவிட்டால் வெள்ளை வெள்ளையாக உப்புக்கறை பிடித்துக்கொள்ளும், அப்புறம் என்ன தேய்த்தாலும் போகாது. பழைய வேட்டித் துணி நல்லது. கடலோர மாவட்டக்காரர்கள் தாங்கிக் கம்பிகளைத் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். 2018 கஜா புயலுக்கு அப்புறம் வேதாரண்யம் பக்கம் போனேன். வெறும் சிமென்ட் கட்டையை வைத்து நிறுத்தியிருந்த பேனல் அடுத்த தெரு வாய்க்காலில் கிடந்தது.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

பேனலைச் செய்யவும் நிலக்கரிதானே எரிகிறது என்று இங்கே சிலர் கேட்கிறார்கள். அதற்கும் பதில் சொல்லுங்கோ.

கம்பிவேலை (கரூர்)

எரிகிறது, இல்லையென்று சொல்லக்கூடாது. நம் வெயிலில் அந்தக் கடனை முதல் சில வருடங்களிலேயே பேனல் அடைத்துவிடும். 25 வருடம் உழைக்கும் பொருள். ஐந்து வருடத்தில் புது மாடல் வந்தது என்று கழற்றி எறிந்தால்தான் கணக்கு கெடும்.

வைகைக்கரை (மதுரை)

எல்லோருக்கும் நன்றி. மூன்றரை மாதம் கழித்து வந்திருக்கிறேன், மன்னிக்க வேண்டும். ஆகஸ்ட்-செப்டம்பர் கணக்கு வரட்டும் என்று காத்திருந்தேன்.

பேனல் தந்தது 680. அனுப்பியது 350. வாங்கியது 250. ஆக வீட்டில் ஓடியது 580 யூனிட். போன வருடம் இதே இரண்டு மாதத்தில் 590. பத்து யூனிட்தானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் இந்த 580-க்குள் மகனுடைய புது மின்சார ஸ்கூட்டரும் இருக்கிறது. முன்பு அவன் வாரம் ஐந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போடுவான், அது நின்றுவிட்டது. கோடையில் வாங்கிய 450 இப்போது 250. வெயில் தணிந்ததும் ஒரு காரணம்தான், முழுப் பெருமையும் எங்களுக்கில்லை. அடுத்த சித்திரையில்தான் உண்மை தெரியும்.

செய்தது இவ்வளவுதான். ஐந்து விசிறியையும் மாற்றினோம். மோட்டாருக்கு டைமர் வைத்து நண்பகலில் ஓடுகிறது. மகன் இரவு வேலைக்காரன், மதியம் வீட்டில்தான் இருப்பான், அதனால் ஸ்கூட்டர் சார்ஜ் சாப்பாட்டு நேரத்தில். இரண்டாவது ஏசியை விற்கவில்லை. அவன் பகலில் தூங்குபவன், மதுரை வெயிலில் பாவம். ஆனால் 26-ல் ஓடுகிறது, அதுவும் வெயில் இருக்கும்போதே ஓடி முடிந்துவிடுகிறது. ராத்திரி வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே அறையில் படுக்கிறோம். மனைவிக்கு இது பிடித்துப்போய்விட்டது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது இப்படித்தான் படுத்தோம் என்றாள்.

கோவை அக்கா சொன்ன போர்வைப் பெட்டியில் நேற்று கொண்டைக்கடலை வெந்தது. ஊறவைத்தது போதவில்லை போல, கொஞ்சம் நறுக்கென்று இருந்தது. எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

கம்பிவேலைத் தம்பி, தொட்டி நகராது, அடியில் தூண் இருக்கிறது. பேனலைத்தான் நான்கு அடி தெற்கே தள்ள வேண்டும் என்று இங்கே ஓர் ஆள் அளந்து சொல்லியிருக்கிறார். மழைக்காலம் போகட்டும் என்று நினைக்கிறேன். தை பிறந்ததும் வேலையை ஆரம்பித்தால் சித்திரைக்கு முன்னால் முடிந்துவிடும் அல்லவா? நீங்கள் அந்தப் பக்கம் வந்தால் ஒருமுறை வந்து நிழல் பார்த்துவிட்டுப் போங்கள்.